கறிவேம்பின் பெயரைக் கறித்தவர் யார்?

காய்கறிக் கடைக்குச் செல்லும் தமிழன் கத்தரிக்காய்க்கு விலை பேசுவான். வெங்காயத்துக்கு விலை பேசுவான். எல்லாம் நிறுத்து வாங்கிப் பையில் இட்டபின், "அப்படியே ஒரு கொத்துக் கறிவேப்பிலை போடுங்கள்" என்பான். கடைக்காரரும் நிறுக்காமல், எண்ணாமல் ஒரு கொத்தை எடுத்துப் போடுவார். அதற்குக் கொசுறு என்று பெயர். வீடு வந்த அவ்விலை கொதிக்கும் எண்ணெயில் விழுந்து, தன் மணம் முழுவதையும் குழம்புக்கு ஈந்துவிட்டு, உண்கலத்தின் ஓரத்திற்கு ஒதுக்கப்படுகின்றது. வேண்டும்போது அழைத்து, வேலை முடிந்தபின் விலக்கப்பட்டவரைக் "கறிவேப்பிலையாக்கிவிட்டார்கள்" என்று சொல்லும் வழக்கும் இதனால் எழுந்ததே.

கொசுறாக வாங்குவது குற்றமன்று. மணத்தை உண்டு இலையை ஒதுக்குவதும் பெருங்குற்றமன்று. ஆனால், இலையை ஒதுக்கிய தமிழன் இன்று அதன் பெயரையும் சேர்த்து ஒதுக்கத் தொடங்கிவிட்டானே, அதனை என்னென்பது? தமிழ்நாட்டுப் பேரங்காடிகளில் நெகிழிப் பையில் அடைத்து விற்கப்படும் இவ்விலையின்மீது "கர்ரி லீவ்சு" என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருக்கின்றனர். அரைத்துப் பொடியாக்கினால் அது "கர்ரி லீப் பவுடர்" ஆகிவிடுகின்றது. ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் குழந்தை அவ்வெழுத்தைக் கூட்டிப் படித்து, "இஃது ஆங்கிலச் சொல்" என்று நம்பி வளர்கின்றது. பெற்றோரும் அதனைத் திருத்துவதில்லை. குழந்தை ஆங்கிலம் படித்துவிட்டதென்று மகிழ்கின்றனர்.

தமிழன் வைத்த சொல்லை ஆங்கிலேயன் கடனாகக் கொண்டு போனான். கடன் கொடுத்தவனோ தன் சொல்லையே இன்று அவனிடமிருந்து விலைக்கு வாங்குகின்றான். கொடுத்த கடனுக்கும் தானே வட்டி கட்டும் இத்தகைய கொடையாளியை உலகில் வேறு எவ்வினத்துள்ளும் காண்டல் அரிது.

கறி என்னும் சொல்

கறித்தல் என்பது பல்லால் கடித்து மெல்லுதல். அவ்வினையின் அடியாகவே கறி என்னும் பெயர் நின்றது. பண்டைத் தமிழில் அது முதற்கண் மிளகைக் குறித்தது. யவனர் பொன்னைக் கொணர்ந்து மிளகைக் கொண்டு சென்ற செய்தியை அகநானூறு கூறுமிடத்து, அம்மிளகுக்கு வழங்கும் சொல் கறி என்பதே. பின்னர், மிளகிட்டுச் சமைத்த தொடுகறிக்கும், அதன்பின் சோற்றொடு கூட்டி உண்ணும் காய்ப்பொருள் அனைத்துக்கும் அச்சொல் விரிந்தது. கோயிற் படையலைக் கூறும் சோழர் கல்வெட்டுகளில் நெய்யமுது, தயிரமுது என்பவற்றோடு கறியமுதும் நிற்கின்றது. 'கறி என்றால் இறைச்சி' என்று இன்று பலர் கொள்ளும் பொருள், அச்சொல்லின் பல பொருள்களுள் பின்வந்த ஒன்றே. காய்கறி என்னும் சொல்லை நாள்தோறும் வழங்கிக்கொண்டே, 'கறிவேப்பிலையில் கறி எங்கிருந்து வந்தது?' என்று வினவுவோர் தம் வாயிலுள்ள சொல்லைத் தாமே அறியாதோர் ஆவர்.

இக்கறியே போர்த்துக்கீசியர் வாயில் 'கரில்' என்றும், ஆங்கிலேயர் வாயில் 'கர்ரி' என்றும் திரிந்தது. 1747-இல் இலண்டனில் வெளிவந்த அன்னா கிளாசு அம்மையாரின் சமையல் நூலிலேயே இந்திய முறையில் கறி சமைக்கும் வகை கூறப்பட்டுள்ளது. யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஆங்கில இந்தியச் சொற்களின் அகரமுதலியும் அச்சொல்லுக்குத் தமிழையே மூலமாகக் காட்டுகின்றது. ஆங்கிலேயன் ஒப்புக்கொண்ட உண்மையை ஒப்புக்கொள்ளத் தமிழன் தயங்குகின்றான்!

இதில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. மேனாட்டு அங்காடிகளில் 'கர்ரி பவுடர்' என்னும் பெயரால் விற்கப்படும் மஞ்சட்பொடிக் கலவையிற் பெரும்பாலும் கறிவேப்பிலை கலப்பதே இல்லை. கொத்துமல்லியும் மஞ்சளும் சீரகமும் வெந்தயமுமே அதன் உறுப்புகள். பெயரைக் கொண்டு போனவன் இலையை விட்டுவிட்டுப் போனான். இலையைக் கையில் வைத்திருப்பவனோ பெயரை விட்டுவிட்டு நிற்கின்றான்.

கறியா? கரியா?

கறிவேம்பு என்பது கறிக்கு உரிய வேம்பு. வேம்பின் இலையை ஒத்த இலையுடைமையால் வேம்பு என்றும், கறியில் இடப்படுதலால் கறிவேம்பு என்றும் முன்னோர் பெயரிட்டனர். வேம்பு என்னும் மென்றொடர்க் குற்றியலுகரம் இலை என்பதோடு புணருங்கால் வன்றொடராகத் திரிந்து வேப்பிலை ஆயிற்று. இரும்பு ஆணி இருப்பாணி ஆனது போல. ஆகவே, கறிவேப்பிலை என்பதே முறையான வடிவம்.

கருவேப்பிலை என்பாரும் உளர். இலை கருமை சான்ற பசுமையுடையது. பழுத்த கனியும் கறுப்பு. ஆதலின் அவ்வழக்கை முற்றும் பொருளற்றதென்று தள்ள இயலாது. ஆயினும், உடன்பிறந்த மொழிகளை வைத்து நோக்கினால் உண்மை புலப்படும். கன்னடத்தில் 'கரிபேவு' என்பர். தெலுங்கில் 'கரிவேப்பாக்கு' என்பர். அவ்விரு மொழிகளிலும் பழைய றகரம் ரகரத்தோடு கலந்து மறைந்தமையால், அவற்றின் 'கரி' கருமையா கறியா என்று தெளிதல் அரிது. மலையாளமோ றகரத்தைக் காத்துக்கொண்ட மொழி. அங்கே இம்மரத்தின் பெயர் வல்லின றகரம் பெற்றுக் 'கறிவேப்பு' என்றே நிற்கின்றது. எழுத்தைக் காத்த மொழி பொருளையும் காத்தது. எழுத்தைக் கைவிடும் இனம் எதனையெல்லாம் இழக்கும் என்பதற்கு இவ்வோர் எழுத்தே போதிய சான்று.

வடமொழி மருத்துவ நூல்வழியினர் இம்மரத்தைக் 'கிருட்டிண நிம்பம்' என்பர். அதற்குக் கரிய வேம்பு என்பது பொருள். தென்னாட்டுப் பெயரிலுள்ள கறியைக் கரியெனக் கேட்டு மொழிபெயர்த்ததன் விளைவே அப்பெயர் என்று கருதுதற்கு இடமுண்டு. ஆயின் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளிலோ, மொழிபெயர்ப்பே மூலம்போல் மதிக்கப்படுகின்றது. மூலம் கொச்சை எனப்படுகின்றது.

இம்மரம் தமிழர் அடுக்களைக்கு நேற்று வந்ததன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேற் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அந்தணர் மனையில் பாணர்க்கு அளிக்கப்படும் உணவு கூறப்படுகின்றது. மாதுளையின் இளங்காயை வெண்ணெயில் இட்டு, மிளகுப்பொடி தூவி, கஞ்சகத்தின் மணமுள்ள இலையைக் கலந்து சமைத்த பொரியலும், மாவடுவின் ஊறுகாயும் அவ்வுணவில் இடம்பெறுகின்றன. கஞ்சகம் என்பதற்கு இம்மரம் என்றே உரைகாரர் பொருள் கொண்டனர். இன்றைக்கு ஈராயிரம் ஆண்டளவில் தமிழ் நிலத்து அடுப்பில் மணந்த இலை இது. அந்நாளைய கஞ்சகம் என்னும் சொல்லைத் தமிழர் இழந்தாயிற்று. அகரமுதலியில் அன்றி வேறெங்கும் அஃது இன்று இல்லை. எஞ்சியிருப்பது கறிவேம்பு ஒன்றே. அதனையும் இழப்பதற்கா இத்துணை விரைவு?

தரங்கம்பாடியில் நடந்தது

1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்தது. அங்கு 1768-இல் மருத்துவராக வந்தவர் யோகான் கெர்காடு கோனிக். சுவீடன் நாட்டுச் செடிநூற் பேரறிஞர் இலின்னேயசின் மாணவர். அவர் தென்னாட்டுச் செடிகொடிகளைத் தொகுத்து மேலைநாட்டுக்கு அனுப்பினார். 1771-இல் இலின்னேயசு இம்மரத்துக்குப் 'பெர்கெரா கோனிகி' என்று பெயர் சூட்டினார். 1825-இல் இசுப்ரெங்கல் என்னும் செருமானியர் அதனை 'முர்ராயா கோனிகி' என்று மாற்றினார். முர்ரே என்பவர் கெட்டிங்கன் நகரத்துப் பேராசிரியர். இக்காலத்து மரபணு ஆய்வுகளின்பின் அறிஞர் பலர் மீண்டும் பழைய 'பெர்கெரா'வுக்கே திரும்பியுள்ளனர்.

கோனிக் உழைப்பாளி, அவர் உழைப்பைப் பழித்தற்கு ஒன்றுமில்லை. செடிநூலார்க்கு உலகப் பொதுப்பெயர் ஒன்று வேண்டும் என்பதும் முறையே. ஆனால் அப்பெயரை உற்று நோக்குக. முன்பகுதியில் ஓர் ஐரோப்பியர். பின்பகுதியில் மற்றோர் ஐரோப்பியர். அம்மரத்தைக் கொல்லையில் நட்டு, அரிசி கழுவிய நீரையும் புளித்த மோரையும் வார்த்து வளர்த்து, தலைமுறை தலைமுறையாக அதன் பண்பறிந்து பயன்கொண்ட பெண்டிர் வழங்கிய பெயருக்கு அங்கே ஓர் எழுத்தளவும் இடமில்லை. இடம் தர முடியாததன்று. முருங்கைக்கு 'மொரிங்கா' என்று தென்னாட்டுப் பெயரையே வைத்தவர்களும் அதே ஐரோப்பியரே. முருங்கைக்குக் கிடைத்த நயன் கறிவேம்புக்குக் கிடைக்கவில்லை.

அயலார் செய்தது அவ்வளவே. இனி உள்ளூரார் செய்ததைப் பார்க்க. இம்மரத்தின் பட்டையிலும் இலையிலும் வேரிலும் உள்ள வேதிப்பொருள்களை இந்திய ஆய்வாளர் பிரித்தெடுத்தனர். 1965-இல் சக்கரவர்த்தி என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் பட்டையிலிருந்து கண்டறிந்து வெளியிட்ட பொருளுக்கு 'முர்ராயனின்' என்று பெயர். அதன்பின் கண்டறியப்பட்டவற்றுள் 'மகாநிம்பின்', 'கிரிநிம்பின்', 'கோயனிம்பின்' என்பன சில. முர்ரேக்கு ஒன்று, கோனிக்குக்கு ஒன்று, வடமொழி நிம்பத்துக்கு இரண்டு. கறிவேம்புக்கு? ஒன்றுமில்லை. மேனாட்டானுக்கும் வடமொழிக்கும் பங்கு வைத்தபின் தமிழுக்கு மிஞ்சியது உண்கலத்தின் ஓரமே.

'பெயரில் என்ன இருக்கின்றது?'

இவ்வாறு கூறியவுடன் சிலர் சிரிப்பர். "எப்பெயரிட்டு அழைத்தாலும் இலை மணக்கத்தானே செய்யும்? பெயரில் என்ன இருக்கின்றது?" என்பர். தம் மகனுக்குப் பெயரிடக் கணியரிடம் ஓடி, எழுத்தெண்ணிப் பார்ப்பவரும் இவர்களே. அது கிடக்க. பெயரில் என்ன இருக்கின்றது என்பதற்கு இம்மரமே விடை கூறும்.

'மகாநிம்பம்' என்னும் வடசொல் மருத்துவ நூல்களிற் கறிவேம்பைக் குறிப்பதன்று. பெரும்பாலும் மலைவேம்பு இனத்து மரத்தையே குறிப்பது. அம்மரத்தின் காய் நஞ்சுடையது; அதனைத் தின்ற கால்நடையும் மாந்தரும் இடருற்றதுண்டு. கறிவேம்பிலிருந்து எடுத்த பொருளுக்கோ 'மகாநிம்பின்' என்று பெயர். பெயரை மட்டும் படித்தறிந்தவன் எந்த மரத்தைத் தேடிச் செல்வான்? கறிவேம்பு, மலைவேம்பு, வேம்பு என்று தமிழில் மூன்று மரத்துக்கும் மூன்று பெயர் தெளிவாக நிற்க, ஒரு நிம்பத்துள் அனைத்தையும் திணித்து அடைமொழி ஒட்டுவதால் வருவது குழப்பமே. கறிவேம்பு என்னும் பெயரோ கேட்ட அளவில், இஃது உண்ணத்தக்கது, கறியில் இடத்தக்கது என்று அறிவித்துவிடுகின்றது. பெயரே பயனைச் சொல்கின்றது. பெயரே காவலாகவும் நிற்கின்றது.

செடிநூலார் கூற்றுப்படி இது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டி, தமிழ்ப்பெயர் பிழை என்பாரும் உண்டு. இலையின் தோற்றம் கண்டு வைத்த பெயர் அது. குடும்பம் வகுத்து வைத்ததன்று. அவ்வுறவையும் தமிழ்நாட்டுச் சிறுவர் கண்ணாற் காண்கின்றனர். எலுமிச்சையைத் தின்னும் வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழுவே கறிவேம்பையும் தின்னும். கொல்லையில் மரம் நின்றால், நூல் திறவாமலே அச்சிறுவன் அறிவியல் கற்பான்.

இலையின் பயனோ பெரிது. 100 கிராம் பச்சையிலையில் 600 மில்லிகிராமுக்கு மேல் சுண்ண ஊட்டம் உண்டு. செரிமானம் குன்றியபோதும் குமட்டலின்போதும் துவையலாகவும் பொடியாகவும் மோரில் அரைத்தும் உட்கொள்வது தமிழர் வழக்கு. குழந்தைக்குக் காய்ச்சும் குடிநீரில் இதன் ஈர்க்கையும் பிற ஈர்க்குகளோடு சேர்ப்பர். தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்ப்பர். இவையெல்லாம் ஏட்டில் எழுதிக் காத்தவை அல்ல; பாட்டி மகளுக்கும் மகள் பெயர்த்திக்கும் வாய்மொழியாகக் கொடுத்தவை. சொல் அறுந்தால் இவ்வறிவுச் சரடும் அறும். 'கர்ரி லீப்' என்று கற்ற பெயர்த்தி, ஈர்க்கு என்பது யாதென்று யாரிடம் கேட்பாள்?

கொல்லை போயிற்று; நஞ்சு வந்தது

பெயர் போனதற்கு மரம் போனதும் ஒரு கரணியம். என்றும் இலை தழைத்து, ஓராள் ஈராள் உயரத்தில், கிணற்றடி நீரை உண்டு நின்ற மரம் அது. இன்று கொல்லை இல்லை, கிணற்றடி இல்லை. அடுக்குமாடியில் வாழ்பவன் இலையைக் கடையிலிருந்தே பெறுகின்றான். கோவை மாவட்டத்துக் காரமடை, மேட்டுப்பாளையப் பக்கங்களில் உழவர் இதனைப் பெரும்பயிராக விளைவிக்கின்றனர். அவ்வுழவர்தம் வாயில் நல்வகை ஒன்றின் பெயர் 'செங்காம்பு' என்றே இன்றும் வழங்குகின்றது. காம்பின் நிறத்தைக் கண்டு வைத்த அப்பெயர் எத்துணை அழகியது! ஆய்வுநிலையத்தார் வெளியிடும் வகைகளோ ஆங்கில எழுத்தும் எண்ணுமாக நிற்கின்றன. மொழிப்பற்றைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத உழவன் தமிழைக் காக்கின்றான். பட்டம் பெற்றவன் எண்ணிட்டுக் கழிக்கின்றான்.

இலை வணிகமாகிப் பரப்பு பெருகியபோது பூச்சிக்கொல்லியும் உடன் பெருகியது. இந்தியாவிலிருந்து சென்ற கறிவேப்பிலையில் நஞ்செச்சம் மிகுந்திருத்தல் கண்டு, ஐரோப்பிய ஒன்றியம் 2010-ஆம் ஆண்டுகளில் எல்லையிலேயே கூடுதல் ஆய்வுக்கு அதனை உட்படுத்தியது. ஐரோப்பியன் தன் உண்கலத்துக்கு வரும் இலையை ஆய்ந்து பார்க்கின்றான். கொசுறாக வாங்குபவனோ கேட்பதே இல்லை. விலை கொடாத பொருளைப் பற்றி வினவும் உரிமையும் தனக்கில்லை என்று எண்ணுகின்றான் போலும்! குழந்தையின் குடிநீரில் இடும் ஈர்க்கிலும் அந்நஞ்சு ஒட்டியிருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பார் யார்? இதில் உழவனைமட்டும் பழித்தல் முறையன்று. புழு கடித்த ஓரிலையைக் கண்டாலும் ஒதுக்கும் வாங்குவோரும், அதைக் காட்டி விலை குறைக்கும் இடைத்தரகரும் அவன் கையில் தெளிப்பானைத் திணித்தவர்களே.

குளிர்நாடுகளில் வாழும் ஈழத்தமிழர், தொட்டியில் ஒரு கறிவேம்புக் கன்றை நட்டு, பனிக்காலத்தில் வீட்டினுள் எடுத்து வைத்துக் குழந்தையைப்போற் பேணுகின்றனர். இழந்தவர்க்கே பொருளின் அருமை தெரிகின்றது. வெயிலும் மண்ணும் வாய்த்த தமிழ்நாட்டில், மாடியில் ஒரு தொட்டி வைக்க இடமில்லை என்பது இடத்தின் குறையன்று, எண்ணத்தின் குறை.

கொசுறாகிய மொழி

கறிவேப்பிலைக்கு நேர்ந்ததே தமிழுக்கும் நேர்ந்துள்ளது. மேடையில் தாளிக்கத் தமிழ் வேண்டும். தேர்தலில் மணக்கத் தமிழ் வேண்டும். 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 2004-இல் செம்மொழி என்னும் சிறப்பும் வந்தது. 2006-இல் சட்டமன்றம் வேண்டியும், சென்னை உயர்முறைமன்றத்தில் தமிழ் வழக்காடுமொழி ஆகவில்லை. மணத்தை எடுத்துக்கொண்டனர்; இலையை ஓரத்தில் வைத்தனர்.

1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்டபோது, முதற்கண் தம் பெயரையும் தம் இதழின் பெயரையும் மாற்றிக்கொண்டார். அவர் தொடங்கிய இடம் பெயர். ஏனெனில் பெயரை விட்டவன் பொருளையும் விடுவான். பொருளை விட்டவன் அதனை வாங்கப் பிறன் கடையில் நிற்பான்.

ஆகவே, செய்ய வேண்டுவன சிலவே, பெருஞ்செலவும் இல்லாதவை. வீடுதோறும் ஒரு கறிவேம்பு நடுக. பழுத்த கனியின் விதையை உலரவிடாமல் உடனே ஊன்றினால் முளைக்கும். வேரில் வெடிக்கும் பக்கக் கன்றையும் பெயர்த்து நடலாம். பள்ளிதோறும் ஒன்று நட்டு, அதன் அடியில் கறிவேம்பு என்று தமிழில் எழுதிய பலகை நிறுத்துக. அறிவியற்பெயரை அதற்குக் கீழே சிறிய எழுத்தில் எழுதலாம், தடையில்லை. உறைமேல் தமிழ்ப்பெயர் இல்லாத பொடியை வாங்காது விடுக. ஏன் வாங்கவில்லை என்பதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வருக. ஊரிலுள்ள முதியோரிடமும் உழவரிடமும் மரஞ்செடிகளின் பெயரைக் கேட்டு எழுதி வைக்குக. கஞ்சகத்துக்கு நேர்ந்தது மற்றொரு சொல்லுக்கு நேராதிருக்கட்டும்.

அடுத்த முறை உண்கலத்தின் ஓரத்தில் அவ்விலையை ஒதுக்கக் கை நீளும்போது, தமிழன் ஒரு நொடி நிற்கட்டும். அதனைக் கறிக்கட்டும். உள்ளே இறங்கும் கைப்போடு அதன் பெயரையும் நினைக்கட்டும்.